விழுகிற ட்ரிப் ஸ்விட்ச்சைத் திட்டாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். குளிர் தொடங்கிவிட்டது. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் இனி வீட்டுக்கு வீடு ஹீட்டர் வேலை செய்யும். அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன். வயசான உம்மா வாப்பா இருக்கிற வீடுகளுக்குக் கட்டாயம் அனுப்பிவிடுங்கள்.

போன நோன்பில் எங்கள் வீட்டில் ஒரு தொல்லை இருந்தது. ஸஹருக்கு எழும்பி ஹீட்டரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் ட்ரிப் ஸ்விட்ச் விழும். வீடே இருட்டாகிவிடும். டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்த் தூக்கிவிட்டால் மறுபடியும் விழும். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு வயரிங் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, "இத ஒரு வழி பண்ணித் தாங்க, நிம்மதியா ஸஹர் செய்யேலாம ஈக்கி" என்றேன்.

அவர் ஒரு வழி பண்ணினார். பத்து நிமிஷம்தான். ட்ரிப் ஸ்விட்ச்சுக்குப் போகிற வயர்களைக் கழற்றி நேரே ப்ரேக்கருக்குக் கொடுத்தார். "இனி விழாது சேர்" என்றார். உண்மைதான், விழவே இல்லை. நான் சந்தோஷமாகக் காசு கொடுத்து அனுப்பினேன். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கேட்டது நான். பிள்ளைகளுக்கு ஓமின் விதி படிப்பிக்கிற நான்.

சில மாதங்கள் போயின. ஒரு நாள் ஸுபஹுக்கு வுழூ எடுத்துவிட்டு வந்த உம்மா சொன்னார்: "மகன், அந்த டெப்ப தொட்டா கை சுருக்குண்டு ஈக்கி. வாதமோ தெரியா." நானும் வாதமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் என் மகளும் அதையே சொன்னபோதுதான் வயிற்றுக்குள் என்னவோ செய்தது.

வேறொருவர் வந்து பார்த்தார். "ஹீட்டர் பழசு சேர், மாத்திடுங்க" என்றார். 45,000 ரூபா கொடுத்துப் புது ஹீட்டர் பூட்டினோம். மூன்றாம் நாள் அதே டெப், அதே சுருக்.

கடைசியில் வந்தது எங்கள் பாடசாலையில் ஓ/எல் எழுதிவிட்டுத் தொழிற்பயிற்சிக்குப் போன ஒரு பையன். அவன் ஹீட்டரைத் திறக்கவே இல்லை. முதலில் போர்டைத் திறந்தான். பிறகு வீட்டின் பின்பக்கம் போய் மண்ணில் இறக்கியிருந்த ஏர்த் கம்பியைத் தேடினான். கம்பி இருந்தது. அதோடு வயரைப் பூட்டியிருந்த கிளிப் துருப்பிடித்து உதிர்ந்து, வயர் தனியாகக் கிடந்தது. அடுத்து தண்ணீர் மோட்டரைச் சோதித்தான். கரண்ட் கசிந்தது மோட்டரிலிருந்து. ஹீட்டரிலிருந்து அல்ல.

நடந்தது இதுதான். வீட்டில் உள்ள எல்லா ஏர்த் வயர்களும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. மண்ணோடு மட்டும் இணைப்பு இல்லை. மோட்டரில் கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல், அதே ஏர்த் வயர் வழியாக ஹீட்டரின் உடம்புக்கு வந்து, அங்கிருந்து டெப்புக்கு வந்தது. ஈரக் காலோடு நின்ற உம்மாவின் கைதான் அதற்கு மண்ணுக்குப் போகிற வழியாக இருந்தது. நோன்பில் ட்ரிப் விழுந்ததும் அதனால்தான். ஸஹர் நேரம் எல்லோரும் தண்ணீர் பாவிக்க, டேங்க் குறைந்து மோட்டர் தானாக ஓடத் தொடங்கும். நாங்கள் பழியை ஹீட்டர் மேல் போட்டோம். தண்டனையை ட்ரிப் ஸ்விட்ச்சுக்குக் கொடுத்தோம்.

"சேர், ட்ரிப் அன்டைக்கே செல்லியிருக்கி. நீங்கதான் வாய மூடியிருக்கீங்க" என்றான் அந்தப் பையன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ட்ரிப் விழுவது ஒரு பழுது அல்ல. எங்கேயோ பழுது இருக்கிறது என்று அது சொல்கிறது.

அது எப்படிச் சொல்கிறது என்பது ஒன்றும் பெரிய விஷயமல்ல. நம்மில் பலர் வியாபாரக் குடும்பம், கடைக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயரால் போன கரண்ட் முழுவதும் மற்ற வயரால் திரும்பி வர வேண்டும். வரவும் செலவும் பொருந்தாவிட்டால் முதலாளி கடையை மூடிவிட்டுக் கணக்கைப் பார்ப்பார் அல்லவா? ட்ரிப் ஸ்விட்ச் செய்வதும் அதுதான். வீடுகளுக்குப் பூட்டுகிற ட்ரிப் 30 மில்லி அம்பியர் குறைந்தாலே கண் மூடித் திறப்பதற்குள் கரண்டை வெட்டிவிடும். பழைய 40 வாட் குண்டு பல்ப் ஒன்று எரிய ஏறக்குறைய 170 மில்லி அம்பியர் வேண்டும். ஒரு பல்ப் எரியத் தேவையான கரண்ட் உடம்புக்குள் போனால் மனிதன் உயிரோடு இருப்பது சந்தேகம்.

"எங்கட வீட்ல ப்ரேக்கர் ஈக்கி சேர்" என்று பலர் சொல்கிறார்கள். ப்ரேக்கர் வேறு, ட்ரிப் வேறு. 20 அம்பியர் ப்ரேக்கர் 20 அம்பியருக்கு மேல் போனால்தான் விழும். அது வயர் எரியாமல் காக்கும். மனிதனைக் காக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏர்த் என்பது மின்சார சபை கொண்டுவந்து தருகிற ஒன்று என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நம்முடைய வளவில், நம்முடைய மண்ணில் புதைத்திருக்கிற கம்பி. அதைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. துருப்பிடிக்கும், கிளிப் கழலும், சுவர் கட்டும்போது மேசன் பாஸ் தெரியாமல் வெட்டியும் விடுவார். வெட்டினால் லைட் அணையாது, ஃபேன் நிற்காது. அதனால் ஒருவருக்கும் தெரியாது.

இனி ஹீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் நடக்கிற தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை.

முதலாவது, ஷவரோடு பூட்டுகிற உடனடி ஹீட்டர். அதில் சிறியதே 3.5 கிலோவாட் அளவில் இருக்கும். நம்முடைய 230 வோல்ட்டில் அது 15 அம்பியர். 5.5 கிலோவாட் என்றால் 24 அம்பியர். பழைய வீட்டின் உருண்டை ஊசி ப்ளக்கில் அதைக் குத்தி வைப்பது, எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துக் கொடுப்பது எல்லாம் நெருப்போடு விளையாடுவது. போர்டிலிருந்து அதற்கென்றே தடித்த தனி வயரும் தனி ப்ரேக்கரும் வர வேண்டும். பாத்ரூமுக்கு வெளியே இரண்டு வயரையும் சேர்த்து வெட்டுகிற டபுள் போல் ஸ்விட்ச் இருக்க வேண்டும்.

இரண்டாவது, டேங்க் உள்ள கீசரின் வால்வு. தண்ணீர் சுட்டால் விரியும். 30 லீற்றர் தண்ணீரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய அரை லீற்றர் கூடும். அந்த அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் வெளியே போகத்தான் பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். சூடாகும்போது அது கொஞ்சம் சொட்டுவது இயல்பு. "டைல்ஸ் பழுதாகுது" என்று அதற்கு மூடி போட்டு அடைத்த வீட்டை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தெர்மோஸ்டாட்டும் பழுதாகும் நாளில் அந்த டேங்க் ஒரு குண்டு. சொட்டுவது நிற்காமல் ஓடினால் வால்வை மாற்றுங்கள். அடைக்காதீர்கள்.

மூன்றாவது, சேர்விஸ். கீசருக்குள் ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்து போவதுதான் அதன் வேலை. சாதாரண தர விஞ்ஞானம் படித்த பிள்ளையைக் கேளுங்கள், சொல்லும். அது கரைந்து முடிந்த பிறகு கரையத் தொடங்குவது டேங்க். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து மாற்றினால் ஹீட்டரின் ஆயுள் நன்றாகக் கூடும். கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிறவர்கள் எலமென்ட்டில் படிகிற சுண்ணாம்பையும் அப்போதே துப்புரவாக்கலாம்.

ஆகவே, எதற்கெடுத்தாலும் "மாத்துங்க" என்று சொல்கிறவரிடம் "என்ன பழுது?" என்று கேளுங்கள். எலமென்ட் போனால் எலமென்ட்டை மாற்றலாம். தெர்மோஸ்டாட் போனால் அதையும் மாற்றலாம். வொஷர் கசிந்தால் வொஷர். டேங்க் உடம்பிலேயே ஓட்டை விழுந்தால்தான் புது ஹீட்டர். நான் 45,000 ரூபா கொடுத்து இதைப் படித்தேன். நீங்கள் இலவசமாகப் படியுங்கள்.

ஒரு சின்னப் பழக்கமும் சொல்கிறேன். 30 லீற்றர் தண்ணீரை 30 பாகை சூடாக்க ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட் போதும். 2 கிலோவாட் கீசர் என்றால் அரை மணித்தியாலம். போட்டுச் சூடாக்கி, வெளியே ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, பிறகு உள்ளே போய்க் குளியுங்கள். டேங்க் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் பில்லும் குறையும். ஆனால் இது ஏர்த்துக்கும் ட்ரிப்புக்கும் பதில் அல்ல. எங்கள் வீட்டில் ஹீட்டர் அணைந்திருந்தபோதும் மோட்டரிலிருந்து கரண்ட் வந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி கொஞ்சம் கசப்பானது.

நாம் வீடு கட்டுகிறோம். பாத்ரூமுக்கு லட்சக்கணக்கில் டைல்ஸ் பதிக்கிறோம். குடிபோகிற அன்று வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுகிறோம். அந்த வீட்டின் ஏர்த் கம்பி எங்கே இருக்கிறது என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. பதினொரு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிறதுக்குச் செலவழிக்கிறோம். சுவருக்குள் இருக்கிறதுக்குப் பேரம் பேசுகிறோம். ஹீட்டர் வாங்கக் காசு உள்ளவருக்கு ட்ரிப் ஸ்விட்ச் வாங்கவும் காசு இருக்கிறது. அது ஹீட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

வாடகைக்கு வீடு கொடுத்திருக்கிறவர்களே, அதில் இருக்கிறவர்களின் உயிர் உங்களிடம் உள்ள அமானிதம். வாடகையை எண்ணி வாங்குகிற கையால் அந்த போர்டையும் ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கரண்ட் அடித்து ஒருவர் மவுத்தானால், "அல்லாஹ்வுடைய நாட்டம்" என்று சொல்லி அடக்கிவிட்டு வருகிறோம். நாட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கத்ரை நம்புவது, கழன்ற வயரைக் கட்டாமல் விடுவதற்கு அனுமதி அல்ல. என் உம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஊரே வந்து எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கும். ட்ரிப்பைக் கழற்றச் சொன்னது நான்தான் என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்திருக்கும். அதை நினைத்துப் பல இரவு தூக்கம் வரவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, வுழூ எடுக்கும் இடத்திலும் மையித்துக் குளிப்பாட்டும் இடத்திலும் உள்ள ஹீட்டர், மோட்டர், ஏர்த், ட்ரிப் எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒரு முறை, நோன்புக்கு முன் சோதித்து, சோதித்த திகதியை போர்டிலேயே எழுதி ஒட்டுங்கள். ஈரக் காலோடு நூறு பேர் நிற்கிற இடம் அது.

இரண்டு, மஹல்லாவில் என்.வி.கியூ சான்றிதழ் உள்ள எலக்ட்ரீஷியன்மாரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பள்ளியில் தொங்கவிடுங்கள். முஸ்லிமா சிங்களவரா தமிழரா என்று பார்க்க வேண்டாம். வேலை தெரிந்தவரா என்று பாருங்கள்.

மூன்று, ஏலாத வீடுகளுக்கு ட்ரிப் ஸ்விட்ச்சும் ஏர்த் கம்பியும் போட்டுக் கொடுக்க ஒரு சின்ன நிதி தொடங்குங்கள். இதைவிட நல்ல ஸதகா எனக்குத் தெரியவில்லை. முதல் பங்கு என்னுடையது, இன்ஷா அல்லாஹ்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ட்ரிப் ஸ்விட்ச்சில் 'டெஸ்ட்' என்று ஒரு சிறிய பொத்தான் இருக்கும். இன்று இரவு, வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டு, அதை ஒரு முறை அமத்துங்கள். விழுந்தால் அல்ஹம்துலில்லாஹ், தூக்கிவிட்டு மாதம் ஒரு தடவை அப்படிச் செய்யுங்கள். விழாவிட்டால், அல்லது அப்படியொரு பொத்தானே வீட்டில் இல்லாவிட்டால், நாளைக்கே தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். நீங்களாகத் திறக்காதீர்கள். ஏர்த் சரியா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது, அதற்கும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த வேலையை உம்மா எடுத்துக்கொண்டார். மாதத்தின் முதல் ஜும்ஆவுக்கு நான் தொப்பியை எடுக்கும்போதே கேட்பார்: "மகன், அந்தப் பொத்தான அமத்தினியா?"

அமத்திப் பார்த்தவர்கள், விழுந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள். ஊரில் எத்தனை வீட்டில் விழவில்லை என்று பார்ப்போம்.