காணி வாரிசுக்கா, கமக்காரனுக்கா?

'குடும்பப் பண்ணைகளைக் காப்போம்' என்பது பிரான்சில் எல்லாக் கட்சிக்காரருக்கும் பொதுவான சுலோகம். ஒவ்வொரு வருடமும் பாரிசில் விவசாயக் கண்காட்சி தொடங்கியதும் இடதும் வலதும் வரிசையில் வந்து மாட்டின் முதுகைத் தடவிப் படம் எடுத்துக்கொண்டு இதையே சொல்லிப் போகிறார்கள். இந்தச் சுலோகத்துள் ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது என்பது எமது வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1970இல் இந்நாட்டில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. 2010இல் சுமார் 490,000. 2020 கணக்கெடுப்பின்போது சுமார் 390,000. பத்தே வருடத்தில் ஓரிலட்சம் பண்ணைகள் இல்லாமற் போயின. காணி எங்கும் போகவில்லை. ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு அதே பத்து வருடத்தில் 55 ஹெக்டயரிலிருந்து 69 ஹெக்டயராகப் பெருத்தது. மூடப்பட்ட பண்ணையைப் பக்கத்துப் பெரிய பண்ணை விழுங்கிவிட்டது என்பதே இதன் பொருள். 2020இல் பண்ணை நடத்துபவர்களில் 43 வீதமானோர் 55 வயதைத் தாண்டியிருந்தனர். அவர்களது காணி இப்போது கைமாறிக்கொண்டிருக்கிறது. மறுபுறத்தில் கமம் செய்யவென்று படித்து, பண்ணைகளில் கூலிக்கு நின்று தொழில் பழகிய இளைஞர்கள் காணி தேடி அலைகிறார்கள். அவர்களில் பலர் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளே அல்லர்.

கிழவர் ஏன் இளைஞனுக்குக் கொடுப்பதில்லை? அவரைக் கொடியவர் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் வாழ்நாள் முழுவதும் மண்ணோடு மாய்ந்த கமக்காரரின் ஓய்வூதியம் சொற்பம். காணியும் கொட்டிலும் இயந்திரமுமே அவரது முதுமைக்கான சேமிப்பு. அயலிலுள்ள பெரிய பண்ணைக்காரன் முழுவதையும் ஒரே தடவையில் காசு கொடுத்து வாங்குவான். இளைஞனோ வங்கியின் வாசலில் நிற்கிறான். அவனுக்குத் தேவை 20 ஹெக்டயர்; விற்பனைக்கு வருவது 120 ஹெக்டயர். போதாததற்கு, பிறந்து வளர்ந்த வீட்டை விட்டுப் போகக் கிழவருக்கு மனமில்லை. வீடில்லாத பண்ணையில் மாடு வளர்க்க வருபவன் எங்கே படுப்பான்?

அரசுக்கு இது தெரியாததல்ல. 1946இன் சட்டம் குத்தகைக்காரனுக்குக் குறைந்தது ஒன்பது வருடப் பாதுகாப்பைத் தந்தது. 1960இல் காணி விற்பனையில் தலையிடச் 'சாஃபேர்' என்ற நிறுவனங்களை ஏற்படுத்தினார்கள். 1962இல் முதியவர் விலகி இடம் விட உதவித்தொகையும் வந்தது. ஆனால் காணியைக் கம்பனியாக்கி, கம்பனியின் பங்குகளை விற்றால் சாஃபேரின் கை எட்டாது என்பதைப் பணக்காரர் கண்டுகொண்டனர். அந்த்ர் மாவட்டத்தில் சுமார் 1,700 ஹெக்டயர் இப்படித்தான் ஒரு சீன முதலீட்டாளர் கைக்குப் போயிற்று என்பது 2016இல் பெரிய செய்தி. இந்த ஓட்டையை அடைக்கவென்று 2021 டிசம்பரில் வந்த சட்டமும் ஓர் எல்லைக்கு மேற்பட்ட கைமாற்றங்களையே பிடிக்கிறது.

இந்த இடத்தில்தான் 'குடும்பம்' என்ற சொல்லை நாம் சந்தேகிக்க வேண்டும். யாருடைய குடும்பம்? கமக்காரரின் மனைவி பால் கறந்து, கணக்கெழுதி, பிள்ளை வளர்த்த பின்னும் நெடுங்காலம் சட்டத்தின் முன் 'தொழிலற்றவள்' ஆகவே இருந்தாள். இரத்த உறவில் வாரிசு இல்லாவிட்டால் அக்குடும்பம் முடிந்ததாகக் கருதப்படுகிறது. பிறகு காணி அதிக விலை சொல்பவனுக்கு. வாரிசு என்ற சிந்தனையும் சந்தை என்ற சிந்தனையும் கைகோத்தே இளைஞனை வெளியே நிறுத்துகின்றன.

வேறு வழி இல்லையா? உண்டு. தெற்கே லார்சாக் மேட்டு நிலம் இருக்கிறது. 1971இல் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே அங்கிருந்த 3,000 ஹெக்டயர் இராணுவ முகாமை 17,000 ஆக விரிப்பதாக அறிவித்தார். 1972இல் 103 கமக்காரர்கள் காணியை விற்க மாட்டோம் என்று கையெழுத்திட்டனர். பத்து வருடப் போராட்டத்தின் பின், 1981இல் மித்தரோன் பதவிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் இராணுவம் வாங்கியிருந்த 6,300 ஹெக்டயரை அரசு 1985இல் அங்குள்ள கமக்காரரே நடத்தும் நிறுவனம் ஒன்றுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. அக்குத்தகை இப்போது 2083 வரை நீட்டப்பட்டிருக்கிறது. அங்கே காணியும் வீடும் உழைக்கும் காலத்துக்கு மட்டுமே ஒருவருக்குரியவை. ஓய்வுபெறும்போது அவர் விலகுகிறார், அடுத்தவர் தெரிவாகிறார். விற்கவும் முடியாது, சீதனம் கொடுக்கவும் முடியாது. 2003இல் தொடங்கிய 'தெர் து லியான்' இயக்கம் பொதுமக்களின் சேமிப்பைத் திரட்டி 300க்கும் மேற்பட்ட பண்ணைகளை வாங்கி, சந்தையிலிருந்து விலக்கி, குத்தகைக்குக் கொடுத்திருக்கிறது.

'கோப்பை கழுவும் எமக்குப் பிரெஞ்சுக்காரனின் காணியைப் பற்றி என்ன கவலை?' என்று எம்மவர் கேட்பார்கள். இந்நகரின் உணவகங்களில் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரிப்பவர்கள் நாம். அது எந்த மண்ணில், யாருடைய கையால் விளைகிறது என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. அத்தோடு, காணிப் பிரச்சினை எம்முடையதும்தான்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனங்கள் துரத்தப்பட்டனர். இராணுவம் பிடித்த காணிகளில் ஒரு பகுதி இன்னமும் திரும்பவில்லை. அதற்காகக் குரல் கொடுப்பது நியாயம், கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் இராணுவம் பிடிக்காத காணிகளின் கதை என்ன? உறுதி பாரிசிலும் ரொறன்ரோவிலும் பெட்டிக்குள் கிடக்கிறது. தோட்டத்தில் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறது, படலையில் பூட்டு. பக்கத்தில் பரம்பரை பரம்பரையாகப் பிறர் காணியில் கொத்தி, இறைத்து, ஒரு பரப்புக்கூடச் சொந்தமாக இல்லாத சனங்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏன் காணி இல்லை என்பதைச் சாதியைப் பேசாமல் எவராலும் விளக்க முடியாது. அவர்களின் பிள்ளைகள் குத்தகைக்குக் கேட்டால், 'பத்து வருடம் இருந்தால் ஆட்சி கொண்டாடிவிடுவான்' என்று மறுமொழி வருகிறது. எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில் குத்தகை எழுதினால், இருப்பவன் உரிமையாளனின் உரிமையை ஏற்றுத்தானே இருக்கிறான்! யுத்தத்தால் காணியைப் பார்க்க முடியாது போனவர்களைக் காக்க 2016இல் தனிச்சட்டமும் வந்தது. ஆகவே தடையாயிருப்பது சட்டமல்ல. யார் கையில் மண்வெட்டி இருக்கவேண்டும், யார் கையில் உறுதி இருக்கவேண்டும் என்ற பழைய எண்ணம்.

தானம் செய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஊரில் காணியைப் பூட்டி வைத்திருப்போர், பிரெஞ்சுக்காரன் 1946இலேயே சட்டமாக்கிய அந்த ஒன்பது வருடத்தையாவது எழுத்தில் கொடுக்கட்டும். உழுபவன் யாருடைய பிள்ளை என்று விசாரிக்காமல் கொடுக்கட்டும். மறுப்புடையோர் எழுதட்டும், நாம் பதில் சொல்லத் தயார்.