பால்வாடி டீச்சருக்கு வெளிநாடு எதற்கு?

“பால்வாடி டீச்சருக்கு எதுக்குங்க வெளிநாடு?” வேதாரண்யம் வட்டாரத்து விழா மேடைகளில் பல ஆண்டுகளாக என் காதில் விழுந்து வரும் கேள்வி இது. பேசுகிறவர் மாறுவார், கேள்வி மாறாது. அதற்குக் கிடைக்கும் கைதட்டலும் மாறாது. பிற நாடுகளில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர்களோடு நம் அங்கன்வாடிப் பணியாளர்களும் பேசிப் பழக வழி செய்யுங்கள் என்று யாராவது வாய் திறந்தால் போதும், இந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டு அவர் வாயை அடைத்துவிடுவார்கள். கோடியக்கரையில் மீனவர் வீட்டுப் பிள்ளையையும் உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையையும் வளர்த்து விடுகிற பெண்ணுக்கு ஊர் எல்லைக்கு மேல் எதுவும் தேவையில்லை என்பதுதான் இதன் உட்பொருள். விழாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்ட அந்தப் பெண்களே கடைசி வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதற்கு முட்டுக்கொடுக்கச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் காரணம்: “அவங்க வேலை கஞ்சி ஊத்துறதுதானே?”

பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது சிறிய வேலை என்று நினைப்பவரோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால், சத்துமாவு கொடுப்பதோடு மாதந்தோறும் அந்தப் பிள்ளையைத் தராசில் உட்காரவைத்து, எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாகக் குறிப்பதும் அவர்கள் வேலைதான். அந்த அட்டை எங்கிருந்து வந்தது? நைஜீரியாவில் இமெசி என்ற ஊரில் டேவிட் மோர்லி என்ற மருத்துவர் தாய்மார் கையில் கொடுத்துப் பழக்கிய அட்டைதான் உலகம் முழுக்கப் பரவியது. இன்று நாம் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகளை உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாட்டுக் குழந்தைகளை அளந்து அதைத் தயாரித்தார்கள். 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளையைக் கண்டுபிடித்துக் கூடுதல் உணவு கொடுத்துத் தேற்றியவர்கள் நம் கிராமத்துப் பெண்கள். அதை உலகம் படித்தது, கட்டுரைகள் எழுதியது. ஆக, வெளிநாட்டுத் தொடர்பு அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. அந்தத் தொடர்பில் வேலை செய்கிறவளுக்கு மட்டும்தான் இடமில்லை.

இரண்டாம் காரணம்: “ஃபின்லாந்து பணக்கார நாடு. அவங்க செய்றது நமக்கு ஒத்து வராது.”

வெளிநாடு என்றால் ஃபின்லாந்து மட்டும்தான் என்று யார் சொன்னது? ஜமைக்காவைப் பாருங்கள். 1980-களின் பிற்பகுதியில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்கிரெகர் என்ற மருத்துவ ஆய்வாளர் தலைமையிலான குழு தேர்ந்தெடுத்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சமூக சுகாதாரப் பணிப்பெண்கள் வாரம் ஒரு மணி நேரம் என 2 ஆண்டுகள் போனார்கள். தூக்கி எறிந்த பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த விளையாட்டு கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதே முறையை வங்கதேசத்திலும் கொலம்பியாவிலும் நம் ஒடிசாவின் கட்டாக்கிலும் செய்து பார்த்தார்கள். விடியுமுன் உப்பளத்துக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் என்ன செய்யும் என்று ஜமைக்காப் பணிப்பெண்ணிடம் கேட்க நம் டீச்சருக்கு உரிமை இல்லையா?

மூன்றாம் காரணம்: “நம்ம தாலாட்டும் பாட்டி கதையும் போதும். வெளிநாட்டு முறை நம்ம பண்பாட்டைக் கெடுத்துடும்.”

இதைச் சொல்லும்போதுதான் கைதட்டல் அதிகம். எனக்குக் கோபமும் இங்கேதான் அதிகம். ஏனென்றால் இது நம் வரலாற்றையே மறைக்கிறது.

1939-ல் பிரம்மஞான சபையைச் சேர்ந்த ருக்மிணி தேவியும் ஜார்ஜ் அருண்டேலும் அழைத்து, நெதர்லாந்தில் வாழ்ந்துவந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். அவருக்கு அப்போது 69 வயது. சபை வளாகத்தில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்து 300-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பிரிட்டிஷ் அரசுக்குப் பகை நாட்டவர் ஆனார். மகன் மரியோவைக் காவலில் வைத்தார்கள். தாயின் 70-ஆம் பிறந்தநாளையொட்டித்தான் மகனை விட்டார்கள். போர்க்காலத்தில் மாண்டிசோரி கொடைக்கானலில் தங்கி, மலைச் செடிகளையும் பூச்சிகளையும் பிள்ளைகளுக்குப் பாடமாக்கினார். அந்த வேலையில் உடனிருந்தவர் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன. 1944-ல் மாண்டிசோரி இலங்கைக்கே போய்ப் பயிற்சி கொடுத்தார். உலகெங்கும் ஆசிரியர்கள் இன்றும் படிக்கும் அவருடைய ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ 1949-ல் முதன்முதலில் வெளிவந்தது அடையாறிலிருந்துதான். இத்தாலி, சென்னை, கொடைக்கானல், கொழும்பு என்று இத்தனை ஊர்க்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டதில் எந்தப் பண்பாடு கெட்டது?

இன்னும் கேளுங்கள். கிஜுபாய் பதேகா குஜராத்தில் வக்கீலாக இருந்தவர். மாண்டிசோரியின் எழுத்து அவரைக் குழந்தைகள் பக்கம் திருப்பியது. 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் என்ற சிறுவர் பள்ளியைத் தொடங்கினார். அவரோடு அங்கே வேலை செய்த தாராபாய் மோடக் 1945-ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார். பள்ளிக்கு வர முடியாத ஏழைப் பிள்ளைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அனுதாய் வாக் அவருக்குத் துணை நின்றார். விலை கூடிய மாண்டிசோரிக் கருவிகளுக்குப் பதிலாக விதை, கூழாங்கல், சிப்பி என்று உள்ளூரில் கிடைத்தவற்றை வைத்துக் கற்பித்தார்கள். பிறகு பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் பகுதிக்கும் அதைக் கொண்டுபோனார்கள். அவர்கள் நடத்திய அங்கன்வாடிதான் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு வடிவம் கொடுத்தது. தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. கோடியக்கரைப் பிள்ளை உட்கார்ந்து எண்ணிப் பழகும் சிப்பி வரைக்கும் அந்த வழி வந்து சேர்கிறது. ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 1907-ல் மாண்டிசோரி தொடங்கிய ஒரு சிறு பள்ளிக்கும் நம் ஊர்ப் பால்வாடிக்கும் உறவு உண்டு. அதை அறுத்துவிட்டுப் பண்பாட்டைக் காப்பாற்றுகிறேன் என்பவருக்குத் தான் காப்பாற்றுவது எது என்றே தெரியவில்லை.

பண்பாடு பேசுகிற இதே ஆட்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை எங்கே சேர்க்கிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன். வாசலில் ‘மாண்டிசோரி’ என்று பலகை மாட்டிய நர்சரிப் பள்ளியில் காசு கட்டிச் சேர்க்கிறார்கள். சொந்தப் பிள்ளைக்கு ஒத்து வருகிற வெளிநாடு கோடியக்கரைப் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஒவ்வாமல் போகும்?

நான்காம் காரணம்: “இங்கிலீஷ் தெரியாம அங்க போய் என்ன பேசுவாங்க?”

மாண்டிசோரி அடையாறில் பாடம் எடுத்தது இத்தாலிய மொழியில். மரியோ அதை ஆங்கிலத்தில் சொன்னார். பாடம் நின்றுவிடவில்லை. அதுவும் போகட்டும். கோடியக்கரையிலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். இலங்கையின் காங்கேசன்துறையோ கடல்வழியே 60 கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே முன்பள்ளி ஆசிரியைகள் தமிழில்தான் பாட்டுச் சொல்லித் தருகிறார்கள். 2004 ஆழிப்பேரலை அவர்கள் கரையையும் நம் கரையையும் ஒரே நாளில் அடித்தது. கடலைக் கண்டாலே அலறிய பிள்ளைகளை அவர்கள் எப்படித் தேற்றினார்கள் என்று நம் டீச்சர்கள் தமிழிலேயே கேட்டிருக்கலாம். 2018-ல் கஜா புயல் வேதாரண்யத்தை அடித்தபோது அந்த அறிவு நமக்குக் கைகொடுத்திருக்கும். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பலவற்றில் பாலர் வகுப்பும் உண்டு. சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார்கள். மொழியைக் காரணம் காட்டுகிறவர் உலகப் படத்தை ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும்.

ஐந்தாம் காரணம்: “முதல்ல சம்பளத்தை ஒழுங்காக் கொடுங்க. அப்புறம் வெளிநாடு.”

சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சம்பளம் கேட்கவும் உலகம் உதவும். சிறார் கல்விப் பணியாளர்களுக்கு முறையான ஊதியம், பயிற்சி, பணிப் பாதுகாப்பு வேண்டும் என்ற வழிகாட்டு நெறிகளை 2013-ல் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கூட்டம் வகுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மதிப்பூதியம் பற்றிப் பேசும் பணியாளரை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

ஆறாம் காரணம் செலவு. விவரம் பதிவேற்ற அரசு கொடுத்த செல்போன் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. வெளிநாட்டு ஆசிரியையோடு பேச அதுவே போதும்.

கடைசியாக ஒன்று. கோடியக்கரையில் பூநாரையும் உள்ளானும் வந்து இறங்குவதால்தான் உலகம் இந்த ஊரை அறியும். பறவையியலாளர் சாலிம் அலி காலம்தொட்டு இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டுகிறார்கள். வளையமிட்ட பறவை வேறு நாட்டில் கிடைத்தால் தகவல் இங்கே வருகிறது. 2002-ல் இந்தச் சதுப்பு நிலம் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவையைக் காக்க நாடுகள் கூடிப் பேச வேண்டும் என்றபோது இந்த ஊரில் யாரும் எதுக்கு என்று கேட்கவில்லை. அந்தப் பறவைகளைப் போலவே, மீன்பிடி சீசனில் வெளியூர்களிலிருந்து பெற்றோரோடு வந்து கரையில் குடிசை போட்டுத் தங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இடம்பெயரும் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று பல நாட்டு ஆசிரியர்களும் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் தனியே திணறுவது என்ன நியாயம்?

மாவட்ட அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். வேதாரண்யம் வட்டாரப் பணியாளர்களின் மாதக் கூட்டத்தில் பதிவேடு சரிபார்க்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறையுங்கள். அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்து முன்பள்ளி ஆசிரியை ஒருவரை வீடியோ அழைப்பில் கூப்பிடுங்கள். நம் டீச்சரும் அவரும் பேசட்டும். நாம் யாரும் குறுக்கே பேச வேண்டாம்.