குழம்பியது நான்... குழப்பியது பாடம்!

சென்ற மாதம் மகனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கணக்குப் பாடம் எனக்கும் புரியவில்லை என்று சொல்ல நினைத்து, தைரியமாக, "ஐ ஆம் வெரி கன்ப்யூஸிங் மேடம்" என்று டீச்சரிடம் சொன்னேன். பக்கத்திலிருந்த பெண்மணி 'களுக்'கென்று சிரித்துவிட்டார். என் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்கு வந்ததும், "இனிமே நீ வராதேம்மா, அப்பாவை அனுப்பு" என்றான். அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அத்தை, இது உங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்தான். குழப்புற பாடம் 'கன்ப்யூஸிங்'. குழம்பிப்போன நீங்க 'கன்ப்யூஸ்டு'. நீங்க சொன்னதுக்கு, 'நான் எல்லாரையும் குழப்புறவ'ன்னு அர்த்தமாயிடுச்சு. அதே மாதிரி, போரடிக்கிற படம் 'போரிங்'. பார்த்து அலுத்துப்போன நாம 'போர்டு'. 'ஐ ஆம் போரிங்'னா, நம்மகிட்ட பேசினாலே போரடிக்கும்னு நாமே சொல்லிக்கிற மாதிரி" என்றாள். பள்ளியில் படித்தபோது மண்டையில் ஏறாதது, ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிட்டது!

தோழியரே, ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் பேசுபவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தெரிந்தால், நம் தமிழை வைத்தே பக்குவமாகச் சொல்லிக் கொடுங்கள். அம்மாவின் ஆங்கிலத்துக்காகத் தலைகுனிய வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்கும் புரியவையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கும் நான்தான் போகப் போகிறேன். தப்பு வந்தால் வரட்டும், திருத்திக்கொண்டால் போச்சு!

- ஒரு வாசகி, கும்பகோணம்.