பொட்டிதானேன்னு சொல்லாதீங்க சாமிகளா!

மொதல்லயே சொல்லிடறேன். இது கொஞ்சம் காட்டமான பதிவு. கோவம் வந்தா ரெண்டு நாள் ஆறப்போட்டு எழுதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நான் ஒரு வருஷத்துக்கு மேலயே ஆறப்போட்டுப் பாத்துட்டேன். ஆறல.

மேட்டர் இதுதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்க புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. கடந்தமா போனமான்னு இல்லாம, இங்கயே சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சு. மறுநாள் காலை எட்டரை மணியோட முடிஞ்ச 24 மணி நேரத்துல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை. கிருஷ்ணா நகர்ல ஜனங்களை மீட்க ராணுவமே வந்துச்சு. நாங்க இருக்கறது ரெயின்போ நகர். பேருதான் வானவில், நாலு தூறல் போட்டாலே தெரு குளமாயிடும். அதுலயும் எங்க வீடு தரைத்தளம்.

ராத்திரி தண்ணி வாசப்படி ஏறினதும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு மாடி வீட்டுக்குப் போயிட்டோம். கையில எடுத்தது: மாத்திரை டப்பா, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், அம்மாவோட நகை. மேசைக்கடியில இருந்த பொட்டி நெனப்புக்கே வரல. காலைல ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, மேசை மட்டத்துக்குத் தண்ணி. பொட்டி முழுசா உள்ள. மானிட்டர் மட்டும் கழுத்தை நீட்டிக்கிட்டு என்னையே பாக்குது.

அது அப்பாவோட பொட்டி. 2004ல சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டுனது. பென்டியம் 4, 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். இந்தக் காலத்துப் பசங்க கேட்டா சிரிப்பாங்க. அப்பா ஏ.எஃப்.டி. மில்லு ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்து ஓய்வு பெற்றவர். 1898ல ஆரம்பிச்சு, 2020 ஏப்ரல் 30ல கடைசியா மூடினாங்களே, அதே மில்லுதான். தமிழ்ல டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின கை. 2005ல ஒருநாள் உக்காந்து தட்ட ஆரம்பிச்சார். மில்லு சங்கு ஊதறதுக்கு முன்னாடி கடலூர் ரோட்ல கேக்குற சைக்கிள் மணிச் சத்தம், ஷிப்டு மாறுற நேரத்து டீக்கடை, 1936 ஜூலை 30ல சவானா மில்லுல பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளிங்க செத்ததைப் பத்தி அவரோட அப்பா சொன்ன கதை. இப்படி 2009 வரைக்கும் 63 பக்கம். 2010ல அப்பா போயிட்டார். பொட்டி இருந்துச்சு. வேற எதுக்கும் அதை நான் பயன்படுத்தல. மாசத்துக்கு ரெண்டு தடவை ஆன் பண்ணி, ஃபைலைத் திறந்து ரெண்டு பக்கம் படிச்சுட்டு மூடிடுவேன். அவ்ளோதான்.

அந்தப் பொட்டிதான் போச்சு. போனதும் ஊரே ஆறுதல் சொல்ல வந்துச்சு பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

ஆறுதல் சொன்னவங்க மூணு ரகம்.

ரகம் 1: "பொட்டிதானேப்பா, வேற வாங்கிக்கலாம்."

சொன்னவர் நல்ல மனுஷன். இதே மனுஷன் சரஸ்வதி பூஜை அன்னிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு சந்தனம் குங்குமம் வெச்சு, கீபோர்டு மேல பூ போட்டு, சூடம் காட்டுறதை என் கண்ணால பாத்திருக்கேன். ஐயா, பூஜை அன்னிக்கு அது சரஸ்வதி, மூழ்கின அன்னிக்கு வெறும் பொட்டியா?

லாரி டிரைவர் வண்டியை வித்துட்டு ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தா, "பாவம், புள்ள மாதிரி வெச்சிருந்தான்"னு சொல்றோம். தையக்காரர் முப்பது வருஷத்து மிஷினை யாரையும் தொடவிட மாட்டார், அதைத் தொழில் பக்தின்னு சொல்றோம். செத்துப்போன பாட்டியோட வெத்தல இடிக்கிற உரலைப் பரண்ல வெச்சிருந்தா குடும்பப் பாசம். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்? அதுல ஒயர் ஓடுறதாலயா?

நான் அழுதது தகர டப்பாவுக்கு இல்ல. அந்த கீபோர்டுல "க" எழுத்து அழிஞ்சு போயிருந்துச்சு. அப்பா விரல் பட்டுப் பட்டு அழிஞ்சது. அதை எந்தக் கடையில வாங்கறது?

ரகம் 2: "இது ஒரு அடிக்ஷன் சார். கொஞ்ச நாள் எல்லாத்தையும் விட்டு இருந்து பாருங்க."

இவரு கைல ரெண்டு செல்போன் இருந்துச்சுங்கறதை இங்க பதிவு பண்ணிக்கறேன் :-)

சாமி, விட்டு இருக்கறதைப் பத்தி புதுச்சேரிக்காரனுக்கு நீங்க கிளாஸ் எடுக்க வேணாம். 2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் எங்களுக்கும் கடலூருக்கும் நடுவுல பூந்துச்சு. மரமெல்லாம் சாஞ்சு, கம்பமெல்லாம் வளைஞ்சு, எங்க தெருவுல நாள் கணக்கா கரண்ட் இல்ல. அப்பவும் கம்ப்யூட்டர் இல்லாமத்தான் இருந்தேன். மொத நாள் கை பரபரன்னுச்சு. ரெண்டாம் நாள் எதிர்வீட்டுப் பசங்களோட கேரம் ஆடுனேன். மூணாம் நாள் மொட்டை மாடில படுத்து, கரண்ட் இல்லாத ஊர்ல இத்தனை நட்சத்திரமான்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். கரண்ட் வந்தப்ப கொஞ்சம் வருத்தமாக்கூட இருந்துச்சு. அப்பயும் பொட்டி இதேதான். ஆனா அது காஞ்ச எடத்துல பத்திரமா இருந்துச்சு, உள்ள 63 பக்கமும் இருந்துச்சு.

அடிக்ஷன்னா அப்பவே தவிச்சிருக்கணுமே? மெஷின் ஓடாம இருக்கறது வேற, அதுக்குள்ள இருக்கறது இல்லாமப் போறது வேற. டிவி இல்லாம இருக்கறவனையும் ஆளை இழந்தவனையும் ஒரே தராசுல நிறுக்காதீங்க.

ரகம் 3: "கிளவுட்ல போட்டு வெச்சிருக்கலாமே?"

இது புத்திசாலி ரகம். கேள்வியும் பாதி நியாயம்தான். ஆனா மீதி பாதி இருக்கே. ஜியோசிட்டீஸ்னு ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? 2009ல இழுத்து மூடினாங்க. ஆர்குட் 2014ல போச்சு. கூகுள் பிளஸ் 2019ல போச்சு. யாஹூ குழுமம் 2020ல போச்சு. நம்மாளுங்க விடிய விடிய சண்டை போட்டதெல்லாம் அங்கதான். அவ்வளவும் "மேகத்துல" பத்திரமாத்தான் இருந்துச்சு. மேகம்னா கலையத்தான் செய்யும், பேரு வெச்சவனே சொல்லிட்டான்.

இன்னொண்ணு. ரெண்டு வருஷம் எட்டிப் பாக்காத கணக்கை அழிச்சிடுவோம்னு கூகுள் 2023ல அறிவிச்சு, அந்த டிசம்பர்லயே அழிக்க ஆரம்பிச்சுது. செத்துப்போனவர் எப்படிங்க எட்டிப் பாப்பார்? அப்பாவோட எழுத்தை அப்பா பேர்ல இருக்கற கணக்குல போட்டு வெச்சிருந்தா, புயல் இல்லாமலே போயிருக்கும். மழை பெஞ்சாவது நனையும்னு தெரியும். இது சத்தமே இல்லாம நனையும்.

நிற்க.

மூணு பேரையும் திட்டியாச்சு. இப்ப நாலாவதா ஒருத்தனைத் திட்டணும். அது நான்.

தண்ணி வடிஞ்சதும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? பொட்டியைக் கழட்டி, ஹார்ட் டிஸ்கை மட்டும் எடுத்து, துணியால துடைச்சு, வெயில்ல காய வெச்சேன். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் மேல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். "இந்த ஓட்டையை மூடாதே"ன்னு இங்கிலீஷ்ல பக்கத்துலயே போட்டிருக்கும். உள்ளயும் வெளியவும் காத்து அழுத்தம் சமமா இருக்கறதுக்கு. காத்து போற வழியில தண்ணியும் போகும்னு மரமண்டைக்கு ஒறைக்கல. மூணாம் நாள் மேல நல்லா காஞ்சிருந்துச்சு. ஆசைப்பட்டு ஒரு நண்பர் வீட்டு சிஸ்டத்துல மாட்டி ஆன் பண்ணேன். டிக்... டிக்... டிக்... அவ்ளோதான்.

அப்புறம் சென்னையில இதையே தொழிலா பண்றவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். பாத்துட்டுச் சொன்னார்: "நனைஞ்ச டிஸ்குக்குக் கரண்ட் குடுக்கவே கூடாது சார். நீங்களாக் காய வெக்கவும் கூடாது, உள்ள சேறு காஞ்சு ஒட்டிக்கும். அப்படியே ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வந்திருந்தா ஏதாவது பண்ணிருக்கலாம். நீங்க ஓட்டுனதுல ஹெட்டு தட்டைக் கீறிடுச்சு." ஆக, புயல் பாதி கொன்னுச்சு, மீதியைப் பாசம் கொன்னுச்சு. படிக்கிற யாருக்காவது இந்த நெலம வந்தா தயவுசெஞ்சு ஆன் பண்ணாதீங்க. இந்தப் பதிவுல வேற எதுவும் ஞாபகம் இல்லன்னாலும் இது இருக்கட்டும்.

பதினஞ்சு வருஷம் என் கைல இருந்துச்சு அந்த ஃபைல். ஒரு பென் டிரைவ்ல போட அஞ்சு நிமிஷம். போடல. ஏன்னு எனக்கே கேட்டுப் பாத்தேன். அது அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறதுதான் அழகுன்னு ஒரு நெனப்பு. வேற எடத்துல திறந்தா அப்பா எழுத்து மாதிரியே இருக்காதுன்னு ஒரு மூட நம்பிக்கை. பாசம்ங்கற பேர்ல சோம்பேறித்தனம்.

எங்க ஊர்லயே பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் இருக்கு, 1955ல ஆரம்பிச்சது. அங்கயும் தூரக்கிழக்குப் பள்ளியிலயும் சேத்து சுமார் 11,000 சைவ ஓலைச்சுவடிங்க. 2005ல யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டுல சேத்தாங்க. ஊருக்கு யார் வந்தாலும் பெருமையா சொல்லுவேன். ஆனா ஒண்ணை மட்டும் யோசிச்சதே இல்ல. ஓலைக்கும் சாவு உண்டு. நம்ம ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் கரையானுக்கும் அது தாங்கறது சில நூறு வருஷம்தான். அப்புறம் எப்படி அத்தனை காலத்து எழுத்து நம்ம கைக்கு வந்துச்சு? யாரோ ஒருத்தர் பழசு பொடியறதுக்குள்ள புது ஓலைல படியெடுத்தார். அப்புறம் இன்னொருத்தர். அதுக்கப்புறம் இன்னொருத்தர். பேரு தெரியாத படியெடுத்தவங்க கைவரிசைதான் நம்ம இலக்கியம் மொத்தமும்.

படியெடுக்காதவங்க என்ன பண்ணாங்க? கரிவலம்வந்தநல்லூர் கோயில் ஏடுகளைத் தேடிப் போன உ.வே.சா.கிட்ட, பழுதான ஏட்டையெல்லாம் ஆகமத்துல சொன்னபடி நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டுட்டதாச் சொன்னாங்களாம். மரியாதையா, மந்திரம் சொல்லி, பக்தியோட எரிச்சிருக்காங்க. அவங்களைப் படிக்கும்போது எத்தனை தடவை பல்லைக் கடிச்சிருப்பேன்! இப்ப நெனச்சுப் பாத்தா நானும் அதே ஜாதிதான். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் அந்தப் பொட்டிக்குப் பொட்டு வெச்சேன். ஒரு பிரதி எடுக்கல.

ஒரு நல்ல சேதியும் இருக்கு. வில்லியனூர்ல எங்க அத்தை இருக்காங்க, அப்பாவோட தங்கச்சி. பொங்கலுக்குப் போனப்ப புலம்பிக்கிட்டு இருந்தேன். கேட்டுட்டு உள்ள போய் பூஜை ரூம் டிராயரைக் கொடைஞ்சு ஒரு சிடியைக் கொண்டாந்தாங்க. மேல அப்பா கையெழுத்து: "மில் - 2007."

"இன்னா அத்தை, இத்தினி நாளா சொல்லவே இல்ல?"

"எனக்கு இன்னாடா தெரியும் அதுல இன்னா இருக்குன்னு? அண்ணன் குடுத்துச்சு. வெச்சிருந்தேன். எங்கிட்ட ஏது கம்ப்யூட்டரு?"

இப்ப வர்ற லேப்டாப்ல சிடி போட எடமே கிடையாது. தனியா ஒரு டிரைவ் கடன் வாங்கிட்டு வந்து போட்டா, ஓடுது! திறந்தா ஒரே கட்டமும் கோடும் கிறுக்கலும். அப்பா தட்டுனது யூனிகோடுக்கு முந்தின பழைய எழுத்துரு. மறுபடியும் வயித்துல புளி கரைச்சுது. எழுத்துரு மாத்தி ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, நாலு குறிமுறை மாத்தி மாத்திப் போட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மொத வரி தமிழாச்சு. சங்கு ஊதுற வரி. அம்மாவை எழுப்பிப் படிச்சுக் காட்டினேன். அம்மா ஒண்ணும் சொல்லல. "இன்னொரு தடவ படி"ன்னாங்க.

மொத்தம் 27 பக்கம். 63ல 27. மீதி 36 பக்கம் போனது போனதுதான். 1936 கதை அந்த 36ல இருந்துச்சு.

பொட்டி இல்லாத இந்த நாள்ல நான் பண்ணது இதுதான்: நாப்பது ரூபா நோட்டு ஒண்ணு வாங்கி, போன பக்கங்கள்ல ஞாபகம் இருக்கறதை எழுதறேன். அம்மா திருத்தறாங்க. அப்பாவோட மில்லுல வேலை செஞ்ச ரெண்டு பேரை டீக்கடையில பாத்துப் பேசினேன். எழுபது தாண்டினவங்க. ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் மறுக்கறார். அப்பாவோட நடை வராது, தெரியும். ஆனா கதை வரும்.

அதனால மக்களே, பொட்டி மேல பாசம் வெக்காதேன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. தாராளமா வெய்யுங்க. ஆனா பாசம் இருந்தா படியெடுங்க. கணினிக்காரங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க: மூணு பிரதி, ரெண்டு விதமான பொருள்ல, அதுல ஒண்ணு வேற எடத்துல. அந்த வேற எடம் மாடி வீடா இருந்தா உத்தமம். பழைய எழுத்துருல இருக்கறதை இன்னிக்கே யூனிகோடுக்கு மாத்துங்க. முடிஞ்சா தாள்ல ஒரு பிரின்ட். கம்ப்யூட்டரே இல்லாத ஒரு அத்தைகிட்ட ஒண்ணு குடுத்து வெய்யுங்க.

இதைப் படிச்சுட்டு "சூப்பர்"னு சொல்லிட்டு அடுத்த பதிவுக்கு ஓடாதீங்க. மொதல்ல எழுந்து போய் அந்த பென் டிரைவைத் தேடுங்க.

டிஸ்கி: "க" அழிஞ்ச கீபோர்டை நல்லா கழுவிக் காய வெச்சிருக்கேன். வேலை செய்யல. தூக்கிப் போட மாட்டேன். ரகம் 1 நண்பர் இதைப் படிச்சா எனக்குப் போன் பண்ண வேணாம் :-)