நூலும் நெசவும்

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நூலின் தன்மை சேலையில் தெரியும் என்பது உண்மையே. ஆயினும், ஒரே நூலை இரு நெசவாளர்களிடம் கொடுத்தால் இரு வேறு சேலைகள் கிடைக்கும். பாவு கட்டிய கையும் ஊடு கோத்த கையும் சேலையின் உறுதியை முடிவு செய்கின்றன. இளையோரின் மனநலம் குறித்துப் பேசுவோர் பலரும் நூலை மட்டுமே பார்த்துவிட்டு நெசவை மறந்துவிடுகின்றனர்.

ஒரு வீட்டில் சித்தப்பா ஒருவருக்கு மனநோய் இருந்ததாகக் கொள்வோம். குடும்பத்தார் அதனை ஊருக்கு மறைப்பர். பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடையாகும் என அஞ்சுவர். அவ்வீட்டில் வளரும் பதினாறு வயது மாணவிக்குத் தேர்வுக் காலத்தில் சில நாள்கள் உறக்கம் வராமற்போனாலும், ‘எனக்கும் அதுதானோ?’ என்னும் அச்சம் எழும். அவ்வச்சத்தை அவள் யாரிடமும் சொல்ல இயலாது. அதைப் பற்றிப் பேசும் வழக்கமே அவ்வீட்டில் இல்லை. நோய் வருமுன்னரே தனிமை வந்துவிடுகிறது. உலகில் 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் மனநலச் சிக்கலோடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே, இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று.

மரபணு சொல்வது என்ன?

மனநலச் சிக்கல்களில் மரபணுவுக்குப் பங்குண்டு. அதனை மறுப்பது அறிவியலுக்கு ஒவ்வாது. ஆனால், அப்பங்கின் அளவை இரட்டையர் ஆய்வுகள் தெளிவாக்குகின்றன. ஒருகரு இரட்டையர் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டவர்கள். மரபணுவே விதி எனில், அவர்களுள் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் வந்தால் மற்றவருக்கும் தவறாமல் வர வேண்டும். உண்மையில், ஏறத்தாழப் பாதி இணைகளிலோ அதனினும் குறைவாகவோதான் அவ்வாறு நிகழ்கிறது. மனச்சோர்வில் மரபின் பங்கு இதனினும் குறைவு.

ஒற்றை மரபணுவின்மேல் பழிபோடவும் இயலாது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஆய்வாளர்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து வந்தனர். செரடோனின் என்னும் வேதிப்பொருளோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் குறிப்பிட்ட வடிவத்தைப் பெற்றவர்கள், வாழ்வில் துயரங்கள் நேர்ந்தபோது எளிதில் சோர்வுற்றதாக 2003இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர், மிகப் பெரும் எண்ணிக்கையிலானோரின் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. ‘சோர்வுக்கென ஒரு மரபணு’ இல்லை. மிகப் பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில் பங்களிக்கின்றன என்பதே இன்றைய தெளிவு. தன் முடிவைத் தானே திருத்திக்கொள்ளும் நேர்மை அறிவியலுக்கு உண்டு. ‘அது அவர்கள் பரம்பரையிலேயே இருக்கிறது’ என ஒரு குடும்பத்திற்கே தீர்ப்பெழுதும் ஊர்ப்பேச்சுக்கு அந்நேர்மை இல்லை.

உறவு செய்வது என்ன?

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் வியப்பான ஒன்றைக் கண்டனர். குட்டிகளை மிகுதியாக நக்கிப் பேணும் தாய் எலிகளிடம் வளர்ந்தவை, இடர் நேரும்போது குறைவாகவே பதறின. குறைவாகப் பேணும் தாய்க்குப் பிறந்த குட்டியை நன்கு பேணும் தாயிடம் வளரவிட்டபோது, அதுவும் அமைதியுடையதாக வளர்ந்தது. மரபணு மாறவில்லை, அது செயற்படும் விதமே மாறியது என 2004இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதர்க்குப் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. ஆயினும், மனிதர்களிடமே நிகழ்ந்த ஆய்வொன்றும் உறவின் வலிமையைக் காட்டுகிறது.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியல் அறிஞர் எம்மி வெர்னரும் அவர்தம் குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தனர். வறுமை, பெற்றோரின் குடிப்பழக்கம், பெற்றோரின் மனநோய், குடும்பப் பூசல் எனப் பல இடர்களுக்கிடையே வளர்ந்த குழந்தைகளுள் மூவரில் ஒருவர், அன்பும் திறனும் தன்னம்பிக்கையும் உடையவராக வளர்ந்தனர். அவர்களைக் காத்தவற்றுள் முதன்மையானது, உறுதியாக உடனிருந்த ஓர் உறவு. பெற்றோரால் இயலாதபோது பாட்டியோ அண்ணனோ அக்காளோ ஆசிரியரோ அவ்விடத்தை நிரப்பினர்.

பழியும் பொறுப்பும்

உறவுக்கு இத்துணை ஆற்றல் உண்டெனில், பிள்ளையின் நோய்க்குப் பெற்றோரே காரணம் எனலாமா? கூடாது. அன்பு காட்டாத தாயே குழந்தையின் மதியிறுக்கத்திற்குக் காரணம் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைநாடுகளில் பரவியிருந்தது. அது பல தாய்மார்களைக் குற்றவுணர்வில் ஆழ்த்தியது. பின்வந்த இரட்டையர் ஆய்வுகள் அக்கருத்து பிழையென மெய்ப்பித்தன. அன்பு நிறைந்த வீட்டிலும் நோய் வரலாம். குருதியைப் பழிப்பது ஒரு பிழை. பெற்றோரைப் பழிப்பது மற்றொரு பிழை. பழி பின்னோக்கிப் பார்க்கும். பொறுப்பு முன்னோக்கிப் பார்க்கும். பெற்ற மரபணுவை எவராலும் மாற்றிக்கொள்ள இயலாது. ஆனால், நாளை வகுப்பறையில் அருகில் அமர்பவரிடம் எவ்வாறு பேசுவது என்பது ஒவ்வொருவர் கையிலும் உள்ளது.

செய்யத்தக்கவை

குடும்பத்தில் மனநோய் இருந்தால், நீரிழிவைச் சொல்வதுபோல் அதனையும் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முன்கூட்டி அறிந்திருப்பது முன்கூட்டிய மருத்துவத்திற்கு வழிவகுக்கும். ‘பைத்தியம்’ என்று கேலி பேசும் வழக்கத்தை மாணவர்கள் கைவிட வேண்டும். அச்சொல், வகுப்பில் எவரோ ஒருவரின் வாயைப் பல மாதங்களுக்கு மூடிவிடக்கூடும். வழக்கமாகக் கலகலப்பாக இருக்கும் நண்பர் பல நாள்கள் ஒதுங்கியிருந்தால், அறிவுரை கூறுமுன் செவிகொடுக்க வேண்டும்.

செவிகொடுப்பது மருத்துவத்திற்கு மாற்றாகாது என்பதையும் மறத்தலாகாது. உயிரை மாய்த்துக்கொள்வதாக ஒருவர் சொன்னால், அது கமுக்கமாகக் காக்கவேண்டிய செய்தியன்று. நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் உடனே தெரிவிக்க வேண்டிய செய்தி. இந்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அம்மாணவியிடம் யாரேனும் ஒருவர், “உன் சித்தப்பாவைப் பற்றிப் பேசலாம், வா” என்று அழைத்திருந்தால் போதும். அவளது நூல் மாறியிராது. ஆனால், நெசவு அன்றே மாறத் தொடங்கியிருக்கும்.