வேலி எங்கே போச்சு?

ரங்கநாதன் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் நண்பரைத் தனியாக நிறுத்தி ஒரு ஃபோட்டோ எடுத்துப் பாருங்கள். கூடவே பதினெட்டுப் பேர், நாலு கட்டைப்பை, ஒரு மாங்காய் பத்தை வண்டி எல்லாம் விழும். நண்பரின் உச்சந்தலையிலிருந்து 'அதிரடித் தள்ளுபடி' என்று ஒரு போர்டு முளைத்திருக்கும். படம் எடுப்பதில் பாதி வேலை, வேண்டாததை வெளியே நிறுத்துவதுதான்.

மிருகங்களிடம் இது இன்னும் கஷ்டம். நண்பரிடம் "ரெண்டடி தள்ளிக்கப்பா" என்று சொல்லலாம். மானிடம் சொல்ல முடியாது. நாம்தான் தள்ளிக்கொள்ள வேண்டும்.

"மானுக்கு முதுமலை போகணுமே, லீவுக்கு எங்கே ஸார் போறது?" என்பவர்களுக்கு: கிண்டியிலேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 1978-ல் அறிவித்தார்கள். சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். புள்ளிமானும் வெளிமானும் உண்டு. பக்கத்துச் சிறுவர் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கினால் போதும், கம்பிக்குப் பின்னால் பார்க்கலாம். அடையாறு முகத்துவாரத்தில் கொக்குகள். அதுவும் தூரம் என்றால் பால்கனியில் காக்கா, இலவசம்.

விதிகள் கொஞ்சம்தான். முதலில் கண். வால் மங்கலானால் மன்னித்துவிடுவார்கள், கண் மங்கினால் மாட்டார்கள். இரண்டாவது உயரம். நின்றபடி அணிலை எடுத்தால் அதன் முதுகுதான் கிடைக்கும். பேன்ட் அழுக்கானாலும் பரவாயில்லை, மண்டியிட்டு அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். பின்னணியும் தானாகவே தள்ளிப்போய் மெத்தென்று ஆகிவிடும். மூன்றாவது, பிராணி பார்க்கிற பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள். மூக்கு சட்டத்தில் இடித்தால் பார்க்கிறவருக்கு மூச்சு முட்டும்.

நான்காவது வெளிச்சம். காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், ஆபீஸுக்கும் நேரத்தோடு போகலாம். முகத்துவாரத்தில் காலையில் கடல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பறக்கிற கொக்குக்கு 1/1000 விநாடியாவது வையுங்கள்.

இன்னொரு சூட்சுமம். காமிராவுக்கு உலகமே சாம்பல் நிறம். சட்டம் நிறையக் காக்கா இருந்தால் அதை வெளுக்க வைத்துவிடும். சட்டம் நிறைய வெள்ளைக் கொக்கு இருந்தால் அழுக்காக்கிவிடும். காக்காவுக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், கொக்குக்குக் கூட்டுங்கள். ஆண் வெளிமான் மேலே கறுப்பு, வயிற்றில் வெள்ளை. அதைச் சரியாக எடுத்தவர் பரீட்சை பாஸ்.

மயிலாப்பூரில் இதையெல்லாம் கரைத்துக் குடித்தவர் ஒருத்தர் இருந்தார். மா. கிருஷ்ணன் (1912-1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் பிள்ளை. எட்வர்ட் எலியட்ஸ் ரோடில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் வீடு. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ல் ஆரம்பித்து 46 வருஷம் பறவை, மிருகம் பற்றிப் பத்தி எழுதினார். பத்மஸ்ரீயும் வாங்கினார். காமிரா? உடம்பு ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற உதிரிகள் அவரே கோத்தது. அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று நாமகரணம். கலர் ஃபிலிம் பக்கமே போகாமல் கறுப்பு வெள்ளையிலேயே காட்டைக் காட்டினார். முதுமலையில் யானை மேல் உட்கார்ந்து எடுத்த படங்கள் பிரசித்தம்.

அழகுக்காக மட்டும் அவர் எடுக்கவில்லை. 1959 முதல் 1970 வரை தென்னிந்தியக் காடுகளில் பெரிய பாலூட்டிகள் எப்படி இருந்தன என்று அவர் செய்த ஆய்வை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் புத்தகமாகப் போட்டது. அப்படிப்பட்டவருக்குப் படம் ஒரு சாட்சி. எந்த மிருகம், எந்தப் புல்லில், என்ன செய்துகொண்டிருந்தது என்று கோர்ட்டில் நின்று சொல்கிற சாட்சி.

இப்போது மாடி போர்ஷன் பையனுக்கு வருவோம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன மாதம் செல்ஃபோனை நீட்டினான். ஒற்றைப் புள்ளிமான், பின்னால் பச்சைப் பசேல், கண்ணில் ஒளிப்பொட்டு. பிரமாதம்.

"எங்கேப்பா எடுத்தே?"

"கிண்டி சிறுவர் பூங்கா ஸார்."

"அங்கே கம்பி வேலி இருக்குமே?"

"இருந்துது ஸார். விரலால தேய்ச்சேன், போயிடுச்சு. ஓரத்துல இன்னொரு மான் பாதி விழுந்திருந்துது. அதையும் தேய்ச்சுட்டேன்."

"கீழே என்ன போட்டிருக்கே?"

"'காட்டின் மௌனம்'னு ஸார். நானூறு லைக்!"

வேலியை மறைக்க நேர்மையான வழி இருக்கிறது. லென்ஸைக் கம்பியோடு ஒட்டி வைத்து, துவாரத்தை நன்றாகத் திறந்து, மான் தள்ளி நிற்கும் வரை காத்திருந்தால் கம்பி தானே கரைந்துவிடும். அதில் பாவம் இல்லை. அப்படி எடுத்துவிட்டு அடியில் 'காடு' என்று எழுதுவதுதான் பொய்.

எடுத்த பிறகு என்ன செய்யலாம்? வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம், குறைக்கலாம், லென்ஸ் தூசியைத் துடைக்கலாம். சர்வதேசப் புகைப்பட அமைப்புகள் மூன்று சேர்ந்து இயற்கைப் படத்துக்கு ஒரு இலக்கணம் வகுத்தன. 2015 முதல் அமலில் இருக்கிறது. வெட்டுவதைத் தவிர வேறு வழியில் எதையும் நீக்கக் கூடாது, சேர்க்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. வீட்டு மிருகங்களுக்கும் இடமில்லை. ஆகவே மாட வீதிப் பசுமாடு எத்தனை லட்சணமாக இருந்தாலும் வரிசையில் நிற்க முடியாது.

வெட்டுவதும் நீக்குவதுதானே என்று ஆபீஸ் வக்கீல்கள் கேட்பார்கள். ஜன்னலைச் சின்னதாக்கினாலும் அதன் வழியாகத் தெரிவது அங்கே இருந்ததுதான். தேய்த்தால் ஜன்னலுக்குள் இருப்பதே மாறிவிடுகிறது. (வெட்டும்போது காது நுனி, வால் நுனி, குளம்பு மூன்றையும் விட்டுவைக்கவும்.)

பெரிய இடத்திலும் இந்தச் சபலம் உண்டு. நேஷனல் ஜியாக்ரஃபிக் 1982 பிப்ரவரி அட்டையில் ஒட்டகங்களுக்குப் பின்னால் இருந்த எகிப்துப் பிரமிடுகளை, அட்டைக்குள் அடக்குவதற்காகக் கம்ப்யூட்டரில் நகர்த்தி நெருக்கினார்கள். கல்லைத் தூக்கிக் கட்டிய பாரோ மன்னர்களுக்கே தோன்றாத யோசனை! லண்டன் போட்டி ஒன்றில் 2009-ன் சிறந்த வனவிலங்குப் படமாக, மரக்கதவைத் தாண்டிப் பாயும் ஓநாய் ஜெயித்தது. 2010 ஜனவரியில் பரிசைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது நடுவர்கள் தீர்ப்பு. எடுத்தவர் மறுத்தார். படத்தில் ஒரு புள்ளியைக்கூட யாரும் தேய்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காட்டு ஓநாய் என்று சொன்னதுதான் வழக்கு.

பொய்ப் படத்துக்கு மிருகங்களும் விலை கொடுக்கின்றன. கூட்டை மறைக்கும் இலைகளை 'குஞ்சு தெரியணும்' என்று ஒடித்துவிட்டுப் படம் எடுக்கிறவர்கள் உண்டு. இவர்கள் கிளம்பியதும் வெயிலும் காக்காயும் பாக்கியை முடித்துவிடும். கொக்கு பறந்தால் அழகு என்று கல் வீசுகிறவர்கள் இன்னொரு ரகம்.

பையன் நல்லவன். அசல் படத்தையே போட்டு, 'கிண்டி சிறுவர் பூங்கா, கம்பிக்குப் பின்னால்' என்று எழுதினான். முப்பத்தெட்டு லைக். மூஞ்சி விழுந்துவிட்டது. ஆனால் யாரோ ஒருத்தர் கேட்டிருந்தார்: 'ஓரத்துல பாதி தெரியறது குட்டிதானே?' அவன் பெரிதாக்கிப் பார்த்தான். குட்டியேதான். நானூறு லைக்குக்காகத் தாயிடமிருந்து குட்டியைத் தேய்த்து எடுத்திருக்கிறான்! அடுத்த ஞாயிறே இரண்டையும் ஒரே சட்டத்தில் பிடிக்கக் கிளம்பிவிட்டான்.

நீங்கள் நாளைக் காலை பால்கனிக் காக்காவிலிருந்து ஆரம்பியுங்கள். கண், மட்டம், பின்னணி, வெளிச்சம். அது வடை கேட்கும். போட்டு எடுத்தால் தப்பில்லை. கீழே 'வடை உபயம்: அடியேன்' என்று எழுதிவிடுங்கள்.