சாய்தளம் மட்டும் போதுமா?

மாற்றுத்திறனாளிகளுக்கான 2017-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆவது விதி செல்லாது என்று 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயமாக்கிய அணுகல் வசதிகளை அந்த விதி வெறும் வழிகாட்டுதலாகச் சுருக்கிவிட்டது என்பதே காரணம். மீற முடியாத குறைந்தபட்ச அளவுகோல்களை மூன்று மாதங்களில் வகுக்குமாறும் மத்திய அரசுக்கு உத்தரவிடப்பட்டது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் அணுகல் வசதி என்றதும் நமது நிர்வாகத்தின் சிந்தனை சாய்தளம், மின்தூக்கி, பிரெய்லி பலகை ஆகியவற்றைத் தாண்டுவதில்லை. படிக்கட்டு அல்லாத தடைகளும் உண்டு என்பதை நினைவூட்ட ஆட்டிசம் உடையோரைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

ஒரு சமூகத்தின் பழக்கவழக்கங்களில் பெரும்பகுதியை யாரும் பாடமாகக் கற்பிப்பதில்லை. யார் வந்தால் எழுந்து நிற்பது, "சாப்பிட்டுவிட்டுப் போகலாமே" என்பது எப்போது அழைப்பு, எப்போது வெறும் உபசாரம் என்பதையெல்லாம் குழந்தைகள் பார்த்துப் பார்த்தே பழகிக் கொள்கிறார்கள். (சாதி வேற்றுமையும் பெரும்பாலும் இப்படித்தான் ஒட்டிக் கொள்கிறது, உள்வாங்கியவை அனைத்தும் பெருமைக்குரியவை அல்ல.) அரசு அலுவலகத்தில் "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அது மறுப்பு என்பதை அறியாத இந்தியர் குறைவு. ஆட்டிசம் உடைய பலர் அதை நம்பி மறுநாளும் போய் நிற்கக் கூடும். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக் கொண்டது அவர்களது பிழை அல்ல. ஆட்டிசம் எல்லோரிடமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பேச்சே வராதவர்களும் உண்டு, பட்டம் பெற்றவர்களும் உண்டு. எனினும் சொல்லப்படாத விதிகளைத் தாமாக ஊகித்தறிவதில் உள்ள சிரமம் பலருக்கும் பொதுவானது. வெளிப்படையாகச் சொன்னால் புரிந்து கொண்டு பின்பற்றக்கூடியவர்களும் அவர்களில் நிறையப் பேர். தமிழில் "மதியிறுக்கம்" என்று பெயரிட்டது எவராயினும், இறுக்கம் மதியில் இருப்பதாகத் தோன்றச் செய்துவிட்டார்.

சட்டம் மெதுவாகவேனும் நகர்ந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்த 7 குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக் கொண்டபோதிலும் வேலைவாய்ப்பில் இடமளிக்கவில்லை. 21 குறைபாடுகளைப் பட்டியலிட்ட 2016-ஆம் ஆண்டுச் சட்டமே அரசுப் பணிகளில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்குள் ஆட்டிசத்தைக் கொண்டுவந்தது. அதிலும் மூன்று பிரிவினருக்குத் தலா ஒரு சதவீதம் போக, எஞ்சிய ஒரு சதவீதத்தை அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உடையோருடன் பகிர்ந்து கொள்ள வேண்டும்.

ஒதுக்கீடு பெறச் சான்றிதழ் தேவை. அதற்காக மத்திய அரசு 2016-இல் அறிவித்த இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள் உள்ளன. பிறர் கண்களைப் பார்க்காமலிருப்பதே அதில் முதலாவது. பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்துவதை மரியாதை என்று கற்பிக்கும் நாட்டில் மதிப்பிடுபவர் வீட்டுப் பழக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பது ஒருபுறமிருக்கட்டும். அந்தச் சான்றிதழுடன் நேர்முகத் தேர்வுக்குச் செல்பவரின் நிலை என்ன? கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, கேள்வியின் உட்பொருளைப் பிடிக்கவில்லை, ஆளுமை போதாது என்று மதிப்பெண் குறையும். எந்த அடையாளத்தைக் கொண்டு அரசு ஒருவருக்கு உரிமை வழங்குகிறதோ, அதே அடையாளத்தைக் காட்டித் தேர்வுக் குழு அவரைத் திருப்பி அனுப்ப முடிகிறது.

மத்திய அரசின் 'சி', 'டி' பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழில் இடம்பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வு கைவிடப்பட்டது. ஊழலைத் தடுக்க எடுக்கப்பட்ட முடிவு, எண்ணிப் பாராமலே இவர்களுக்கும் ஒரு கதவைத் திறந்தது. உயர்பதவிகளிலும் தனியார் நிறுவனங்களிலும் அந்தக் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது.

புரியாமை ஒருவழிப்பட்டதன்று. ஆட்டிசம் உடையவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் இதை எடுத்துரைத்தார். ஆட்டிசம் உடையோர் மற்றவர்களைப் புரிந்து கொள்ளத் தடுமாறுவதைப் போலவே மற்றவர்களும் அவர்களைப் புரிந்து கொள்ளத் தடுமாறுகிறார்கள் என்பது அவர் வாதம். ஆனால் பயிற்சிக்கு அனுப்பப்படுவது எப்போதும் ஒரு தரப்பு மட்டுமே.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் "நியாயமான வசதி" செய்து தருவதை அரசின் கடமையாக்கியுள்ளது. நேர்முகக் கேள்விகளை எழுத்தில் முன்கூட்டியே தருவது, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்பது, வகுப்பு அட்டவணை மாறுவதை முதல்நாளே மாணவனுக்குச் சொல்வது, "பார்க்கலாம்" என்பதற்குப் பதில் "ஆகும்", "ஆகாது" என்று எழுதித் தருவது ஆகியவை அந்தச் சொற்றொடருக்குள் அடங்காவிடில் வேறு எவை அடங்கும்? இவற்றுக்குச் சிமென்டும் தேவையில்லை, ஒப்பந்தப்புள்ளியும் தேவையில்லை. அதனால்தான் கவனிப்பாரில்லையோ என்னவோ! அளவுகோல்களை வகுக்கும் குழுவில் பொறியாளர்களுடன் ஆட்டிசம் உடையோருக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இடமளிக்கப்பட வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகப் பதிவு செய்தது. அந்தப் படிவத்தில் ஆட்டிசத்துக்கெனத் தனிப் பிரிவு கிடையாது. அடுத்த கணக்கெடுப்பின் ஆதார நாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 பிரிவுகளும் அந்தப் படிவத்தில் இடம்பெறச் செய்வது மத்திய அரசின் பொறுப்பு.